சிங்கப்பூரில் பேச்சு சிகிச்சையாளர் வேலை: முதலில் வேலை, பிறகு பதிவு

பிஏஎஸ்எல்பி (பேச்சு, செவித்திறன் சிகிச்சைப் பட்டம்) முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்சிஐயின் பதிவு எண்ணும் கையில் இருப்பவர்கள், வேலை கிடைக்குமுன்பே இங்கே பதிவு செய்யப் பார்க்கிறார்கள். அது நடக்காது. அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சிலில் பதியாமல் இந்தத் தொழிலைச் செய்யவே முடியாது. பதியவோ, வேலை தருகிறோம் என்ற கடிதம் வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் நிபந்தனைப் பதிவுதான். முழுப் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். அப்படி ஒருவர் அந்த இடத்தில் இருக்கிறாரா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.

வேலை அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு முதலாளிதான் விண்ணப்பிப்பார். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), வயது கூடக் கூட அதுவும் கூடும். அதோடு காம்பஸ் என்ற புள்ளி மதிப்பீட்டு முறையில் 40 புள்ளிகள் தேவை.

இழுத்தடிப்பது பெரும்பாலும் காகிதம்தான். நம் பட்டத்தில் ஆடியாலஜியும் (செவித்திறன் துறை) சேர்ந்தே வருவதால், நோயாளிகளோடு பயிற்சி செய்த மொத்த மணிநேரம் மட்டும் போட்ட கடிதம் எதையும் சொல்லாது. குழந்தைகள், பெரியவர்கள், விழுங்கல் சிக்கல் என மணிநேரங்களைப் பிரித்து, முத்திரையோடு கல்லூரியில் வாங்குங்கள், ஊரை விட்டுக் கிளம்புமுன். இன்னொன்று இனிஷியல்: மதிப்பெண் பட்டியலில் 'கே. மீனா', பாஸ்போர்ட்டில் 'மீனா கண்ணன்' என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழி இருக்கட்டும்.

வேலையில் சேர்ந்தபின் விழுங்கல் நோயாளிகள் நிறைய வருவார்கள். அவர்களுக்காகக் கெட்டியாக்கிய பானத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாதீர்கள். 10 மில்லி சிரிஞ்சில் முழுக்க நிரப்பி, நுனியிலிருந்து விரலை எடுத்து 10 விநாடி ஓட விடுங்கள். மிச்சம் 1 முதல் 4 மில்லி வரை என்றால், பானங்களின் கெட்டித்தன்மைக்கான சர்வதேச அளவீடான ஐடிடிஎஸ்ஐயில் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8-க்கு மேல் நின்று, சொட்டுச் சொட்டாவது இறங்கினால் நிலை 3. சிரிஞ்சின் அளவுகோல் நீளம் 61.5 மில்லிமீட்டரா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் கணக்கே தப்பும். 'தே' (சிங்கப்பூர்ப் பால் தேநீர்) தண்ணீரைவிட மெதுவாகத்தான் கெட்டிப்படும், பால் சேர்ந்ததல்லவா. கலக்கிய உடனே சோதித்துவிட்டு 'இன்னும் ஒரு கரண்டி' என்று கெட்டியாக்கும் பொடியைப் போட்டால், தாத்தா குடிக்கும்போது அது கூழாகிவிடும்.

குழந்தைகளிடம் வேறு கவனம். 'எஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்' என்பது சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலமான சிங்லிஷில் இயல்பான வாக்கியம். அமெரிக்கக் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்திய சோதனை அதைப் பிழையென்று எண்ணும். வீட்டில் தமிழ் எப்படி, பாலர் பள்ளியில் ஆங்கிலம் எப்படி என்று அம்மாவிடம் விசாரித்து, இரண்டு மொழியிலும் பேச வைத்துக் கேட்டபிறகே அறிக்கை எழுதுங்கள்.