குமட்டலுக்குச் சீன இஞ்சிக் கஷாயம்

சீன மருத்துவத்தில் பச்சை இஞ்சி 'ஷெங் ஜியாங்', சுக்கு 'கான் ஜியாங்'. இரண்டும் வெவ்வேறு மருந்துகள். குமட்டலுக்குப் பச்சை இஞ்சிதான்.

10 கிராம் இஞ்சியைக் கழுவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, 400 மில்லி தண்ணீரில் மூடிபோட்டுச் சிறுதீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடாவிட்டால் இஞ்சியின் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். பழுப்புச் சர்க்கரை சேர்த்தால் அது ருசிக்கு மட்டுமே. மடக்கு மடக்காகக் குடியுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் நெஞ்செரியலாம்.

பழைய சீன மருந்துக் கலவைகளில் இஞ்சியோடு சேரும் பான்ஷியா என்ற மூலிகைக் கிழங்கு வீட்டு வைத்தியத்துக்கு வேண்டாம். பதப்படுத்தாத கிழங்கு பட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கும்.

இஞ்சியால் கர்ப்பகாலக் குமட்டல் குறைவதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு; ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்குச் சுமார் 1 கிராம் சுக்குப்பொடி, கஷாயம் அல்ல. சளிக்கு இஞ்சி உதவும் என்பதற்கு ஆதாரம் சொற்பம். வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.