கால்கரி குளிரும் எங்க வீட்டு ஹ்யூமிடிஃபையரும்

கனடால இருக்கற எங்க கால்கரில நவம்பர் வந்தா போதும், கதவு கைப்பிடிய தொட்டா சுளீர்னு ஷாக், உதடு வெடிப்பு, பையனுக்கு காலைல மூக்குல ரத்தம், மரத்தரைல பலகைக்கு நடுவுல இடைவெளி வேற. வெளில மைனஸ் 20ல இருக்கற காத்துல ஈரம் எவ்வளவுதான் இருக்கும், அத உள்ள இழுத்து 21 டிகிரிக்கு சூடாக்கினா ஈரப்பதம் 10 சதவீதம்கூட தேறாது.

வீட்ட சூடாக்கற எங்க ஃபர்னஸ்லயே காத்துக்கு ஈரம் ஏத்தற பைபாஸ் டைப் ஹ்யூமிடிஃபையர் இருக்கு (சூடான காத்துல கொஞ்சத்த தனிக் குழாய்ல திருப்பி, தண்ணில நனையற பேட் வழியா விடற வகை), ஆனா எவ்வளவு ஏத்தி வச்சாலும் ஈரப்பத மீட்டர் 18 சதவீதத்த தாண்டல. பாக்க வந்த ஆளு மொத்தமா மாத்தணும்னுட்டார், எனக்கு மனசு கேக்கல. ஃபர்னஸ ஆஃப் பண்ணி, தண்ணி வால்வ மூடி, மூடிய கழட்டினா உள்ள பேட் முழுக்க வெள்ளையா சுண்ணாம்பு, தொட்டா பொருபொருன்னு உதிருது. எங்க ஊருக்கு வர்ற போ (Bow) நதித் தண்ணி ராக்கி மலை சுண்ணாம்புக்கல்ல உரசிட்டு வருது, வேற எப்படி இருக்கும்! பேட மட்டும் மாத்தினா பாதி வேலைதான், தண்ணி வர்ற சின்ன ட்யூப் முனைல ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை, அதுவும் அடைச்சிருந்துச்சு, வெள்ளை வினிகர்ல ஊறவச்சு குத்தி எடுத்தேன். மிச்சத் தண்ணி வெளியேற்ற ட்ரெய்ன் குழாயையும் ஊதி விட்டுருங்க, இல்லன்னா தண்ணி ஃபர்னஸ் மேலயே வழியும். பைபாஸ் குழாய்ல டேம்பர் (காத்து வழிய திறந்து மூடற தகடு) 'விண்டர்' பக்கம் இருக்கான்னும் பாத்துக்கங்க.

இப்ப 35ல நிக்குது. வெளில மைனஸ் 30 போனா 20க்கு எறக்கிடுவேன், இல்லன்னா ஜன்னல் கண்ணாடில தண்ணி கோத்து ஃப்ரேம்ல பூஞ்சை புடிச்சிரும். பேட் வருஷத்துக்கு ஒண்ணு போதும்பாங்க, இந்த ஊர் தண்ணிக்கு நான் ரெண்டு மாத்தறேன்.