பனிச்சிறுத்தைக்குக் கேமரா வைக்கிறீர்களா? மரத்தையும் கவனியுங்கள்

பனிச்சிறுத்தையைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் நேராக முகட்டுக்குத்தான் ஏறுவார்கள். ஆனால் பருவநிலை மாற்றம் அதன் வாழிடத்தை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், காடு முடிந்து புல்வெளி தொடங்கும் எல்லையிலும், அசைவைக் கண்டால் தானே படம் எடுக்கும் கேமரா இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர் கூடும். பூமி ஒரு டிகிரி சூடானால், பழைய குளிர் 150 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். மரங்களும் மெல்ல அதன் பின்னால் ஏறும். பனிச்சிறுத்தையின் இரையான பாரல் என்னும் மலையாடுகள் மேயும் புல்வெளி அடியிலிருந்து குறையும். மேலே நகரலாமே என்றால் அங்கே பாறையும் பனியும்தான், புல் முளைக்க மண் ஏது? மரங்கள் இப்படி ஏறினால் இமயமலையில் பனிச்சிறுத்தையின் வாழிடம் 30 விழுக்காடு வரை போய்விடலாம் என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

சரி, இடத்துக்கு வருவோம். 2024இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ள 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கில் இருக்கின்றன. படம் மட்டும் போதுமென்றால் அங்கே போங்கள். நம் கேள்விக்கு அந்த வறண்ட மலை உதவாது. உத்தராகண்ட் மாதிரி, காடும் புல்வெளியும் ஒரே சரிவில் சந்திக்கும் இடம் வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

முகட்டில், சாய்ந்து நிற்கும் பாறையின் அடியைப் பாருங்கள். பின்னங்காலால் மண்ணைச் சுரண்டிய பள்ளமும் மூத்திர வாடையும் இருந்தால் அதுதான் இடம். முழங்கால் உயரத்தில், பாதையின் இரு பக்கமும் ஒவ்வொரு கேமரா வையுங்கள். உடலின் இரு பக்கப் புள்ளிகளும் வேறு வேறு என்பதால், ஒரு பக்கம் மட்டும் கிடைத்தால் அடையாளம் காண்பதில் திண்டாட்டம்தான். லென்ஸ் சூரிய உதயத்தையோ அஸ்தமனத்தையோ பார்க்கக் கூடாது. முன்னால் ஆடும் புல்லைக் கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் ஆயிரக்கணக்கில் புல் படம்தான் மிஞ்சும். பேட்டரி லித்தியமாக இருக்கட்டும், சாதாரண பேட்டரி குளிரில் சுருண்டுவிடும்.

அடுத்த ஜோடி மரங்களின் எல்லையில். அங்கே அசையாத ஒரு பெரிய பாறையைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில் அதே திசையில் படம் எடுங்கள். பெரிய மரங்கள் அவசரப்படாது. பாறைக்கு மேலே புல்லுக்குள் முளைத்திருக்கும் மரக்கன்றுகளை எண்ணுங்கள். எல்லை ஏறியதா என்று பார்க்க ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை நம்பாதீர்கள், அது பல மீட்டர் தவறும்.

ஒரு எச்சரிக்கை. கன்று கூடினாலே வெப்பம்தான் காரணம் என்று எழுதிவிட வேண்டாம். மேய்ச்சல் குறைந்தாலும் கன்று பிழைக்கும். எந்த ஆண்டு மந்தை எதுவரை வந்தது என்று மேய்ப்பர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் படங்களைப் பிரிக்கும் வேலை. எல்லைக் கேமராவில் மஞ்சள் உடம்போடு சாதாரணச் சிறுத்தை வந்தால் உயரத்தையும் தேதியையும் தனியாகக் குறியுங்கள். காடு ஏறினால் கூடவே ஏறக்கூடிய போட்டியாளர் அது. படமே விழாத மாதங்களில் கேமரா ஓடியதா, பனியில் புதைந்திருந்ததா என்பதும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.