ஐந்தடிப் பலகையில் ஒரு நிலக்கரி யார்டு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே மரைன் டிரைவ், அதற்கு அப்பால் தண்டவாளம், அதற்கும் அப்பால் கடல். "அசல் கோச்சி வாசலில் ஓடுது, பிறகு எதுக்கு பொம்மைக் கோச்சி?" என்று மனைவி கேட்காத வாரம் இல்லை. லண்டனில் இருக்கிற தம்பி வரும்போதெல்லாம் சூட்கேசில் ஒரு பெட்டி கொண்டுவருவான். அப்படி ஏழு எஞ்சின் சேர்ந்தது. எல்லாவற்றையும் வட்டப் பாதையில் சுற்றவிட்டேன். மூன்று சுற்றுக்கு மேல் பார்க்கப் பொறுமை இல்லை. இப்போது ஓடுவது ஒரே எஞ்சின், எட்டு வேகன், ஐந்தடி நீளப் பலகை. நான்கு வருடமாக அலுக்கவில்லை.

கடைக்குப் போகுமுன் ஒரு வருடத்தையும் ஒரு இடத்தையும் முடிவு செய்யுங்கள். நான் எடுத்துக்கொண்டது 1959, பிரிட்டிஷ் ரயில்வேயின் மேற்குப் பிராந்தியம், சிறிய ஊர் ஒன்றின் நிலக்கரி யார்டு, அதாவது நிலக்கரி வேகன்களை நிறுத்திச் சரக்கு இறக்கும் இடம். வருடம் எதற்கு என்றால், பெட்டிகளே காட்டிக்கொடுத்துவிடும். 1948 ஜனவரி 1 அன்று ரயில்வே அரசுடைமையானது. அதற்கு முந்திய காலத்து நிலக்கரி வேகன்களில் வியாபாரிகளின் பெயர்கள் சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய எழுத்தில் மின்னும். பார்க்க அழகுதான். ஆனால் 1956இல் வந்த புதிய சிங்கச் சின்னம் ஒட்டிய எஞ்சினுக்குப் பின்னால் அவை புத்தம் புதிதாக நின்றால், கல்யாண வீட்டுக்குப் பள்ளிக்கூடச் சீருடையில் வந்த மாதிரி இருக்கும். 1959க்குப் பொருத்தமானது சாம்பல் நிற 16 டன் இரும்பு வேகன். அதன் பக்கத்தில் சரிவாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். எந்த முனையில் கதவு திறக்கும் என்பதற்கான அடையாளம் அது. எஞ்சினுக்கு 57 வகை பேனியர் டேங்க் போதும், பாய்லரின் இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி தொங்கும் சின்ன நீராவி எஞ்சின் அது. 1929 முதல் 1950 வரை 863 கட்டினார்கள், அதனால் எந்த யார்டில் நிறுத்தினாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

அளவு ஓஓ. ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 76இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி மட்டும் 16.5 மில்லிமீட்டர், கணக்குப்படி 18.83 வரவேண்டும். அந்தக் காலத்து மோட்டார் சின்ன பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் அடங்காததால், தண்டவாளத்தை ஹெச்ஓ (87இல் ஒரு பங்கு) அளவில் அப்படியே விட்டுவிட்டு உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். நம் ஐந்தரை அடிப் பாதையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் இது நோஞ்சானாகத் தெரியும். (நம்முடையதை இதே அளவில் செய்தால் 22 மில்லிமீட்டர்!) சாதாரணமாகக் கிடைக்கும் தண்டவாளத்தில் சிலிப்பர் கட்டைகளும் குட்டையாக, நெருக்கமாக இருக்கும். யார்டைத் தேர்ந்தெடுக்க எனக்கு இதுவும் ஒரு காரணம். பிரிட்டிஷ் யார்டுகளில் சாம்பலும் கரித்தூளும் கட்டை மட்டத்துக்கு நிறைந்து கிடக்கும். குறை முழுதும் அதற்குள் புதைந்துவிடும்.

வரைபடம் என் சொந்தச் சரக்கு இல்லை. ஆலன் ரைட் என்பவர் அமைத்த இங்கிள்நுக் சைடிங்ஸ், இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்தது. இரண்டு பொயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்), மூன்று கிளைப் பாதை. ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் முனையில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே அடங்க வேண்டும். அதை ஒரு வேகன் நீளம் கூட்டினாலும் விளையாட்டின் உப்பு போய்விடும். 16 டன் வேகன் ஒன்று கொக்கியோடு சுமார் 80 மில்லிமீட்டர். பீக்கோ கம்பெனியின் ஸ்ட்ரீம்லைன் வரிசையில் நீளம் குறைந்த பொயின்ட் 185. கூட்டிப் பார்த்தால் ஐந்தடியில் தாராளமாக அடங்கும். அகலம் ஒரு அடி. விளையாடி முடிந்ததும் அலுமாரிக்குப் பின்னால் செருகிவிடலாம்.

பலகைக்கு 9 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் இரண்டுக்கு ஒன்று சட்டம். எம்டிஎஃப் என்கிற மரத்தூள் பலகை வேண்டவே வேண்டாம், கொழும்புக் காற்றில் தோசை மாதிரி உப்பும். வெட்டிய ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் சேர்த்து இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். தண்டவாளம் நிக்கல் சில்வரில் இருக்கட்டும். இரும்பு என்றால் கடற்காற்று ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும். நுணுக்கமான அரம், குறடு, கைத்துளைப்பான் எல்லாவற்றையும் நான் செட்டியார் தெருவில் நகைத் தொழிலாளர்களுக்கான கடையில் வாங்கினேன். வயரும் ஈயமும் புறக்கோட்டையில் கிடைக்கும்.

மின்சாரம் 12 வோல்ட் டிசி. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்னத் தகடுகளை மின்சாரத்துக்கு நம்பாதீர்கள். நம் ஈரப்பதத்தில் ஆறு மாதத்தில் கறுத்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு வயர், அடியில் தனித்தனியாகப் பற்றவையுங்கள். பொயின்டில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் நடுமூக்கிலும் மின்சாரம் வர வேண்டும். இல்லாவிட்டால் மெதுவாகப் போகிற சின்ன எஞ்சின் சரியாக அந்த இடத்தில்தான் நின்று முறைக்கும்.

அப்புறம், மண். நான் வாங்கிக் கட்டிக்கொண்ட இடம் இது. கடல் எதிரில் இருக்கும்போது மணலுக்குக் காசு எதற்கு என்று ஒரு பை அள்ளிவந்து, சலித்து, பசை ஊற்றி ஒட்டினேன். இரண்டு வாரத்தில் தண்டவாளத்தின் பக்கமெல்லாம் பச்சை பிடித்தது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் எஞ்சின் கரகரவென்று அரைத்து நின்றது. கழற்றினால் மோட்டார் காந்தத்தைச் சுற்றிக் கறுப்புத் துகள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. மிச்ச மணலில் காந்தத்தை விட்டுப் பார்த்தேன், அதிலும் அதே மீசை. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். இப்போது பயன்படுத்துவது டைல் இடுக்குக்குப் பூசும் கடுஞ்சாம்பல் நிறத் தூள். உலர்ந்தபடி தூவி, தூரிகையால் கட்டைகளுக்கு நடுவே தள்ளி, மெல்லத் தண்ணீர் விசிறினால் இறுகிவிடும். பொயின்டின் அசையும் நாக்குப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

புல் விஷயத்தில் நம் கண்ணை நம்பக்கூடாது. இங்கே நாம் பார்க்கும் பச்சை அங்கே கிடையாது. வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் பச்சை கலந்தால் போதும். உயரப் புல்லுக்குத் தும்பு, காய்ந்த நிலத்துக்கு அடுப்பில் வறுத்துச் சலித்த தேயிலைச் சக்கை. நன்றாக வறுக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். யார்டிலிருந்து பயணிகள் பாதைக்குப் போகும் வாயிலில் ஒரு ட்ராப் பொயின்ட் வையுங்கள். தானாக உருண்டு வரும் வேகனைப் பெரிய பாதைக்கு விடாமல் தரையில் இறக்கிவிடுகிற அமைப்பு அது. மாடலில் அது அசைய வேண்டியதில்லை, மிச்சத் தண்டவாளத்தில் இரண்டு துண்டு ஒட்டினால் போதும். இது இல்லாத யார்டைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவருக்கு உடனே உறுத்தும்.

சரி, ஓட்டுவது. 304 விளையாடுகிற சீட்டுக்கட்டில் ஒரு இனத்துக்கு எட்டுச் சீட்டு. இஸ்பேடு எட்டையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகன் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். குலுக்கி ஐந்தைத் திருப்புங்கள். அந்த ஐந்து வேகனும் அதே வரிசையில் நீளப் பாதையில் நிற்க வேண்டும். 6720 விதமாக வரலாம்.

வேகம்தான் எல்லாம். மணிக்கு 10 மைல் என்றால் நம் அளவில் ஒரு மீட்டரைக் கடக்க 17 வினாடி. வேகனைத் தொடப் போகும்போது மனிதன் நடக்கிற வேகம், மீட்டருக்கு 40 வினாடிக்கு மேல். போனில் நேரம் பிடித்துப் பாருங்கள், நீங்கள் எவ்வளவு விரட்டுகிறீர்கள் என்று தெரியும். கொக்கி மாட்டியதும் உடனே இழுக்காதீர்கள். அங்கே ஒரு ஆள் கையில் நீளக் கம்போடு நடந்து வந்து, சங்கிலியைத் தூக்கி மாட்டி, வேகனின் கைப்பிரேக்கைத் தளர்த்திவிட்டுக் கை காட்ட வேண்டும். நான் மனசுக்குள் பத்து எண்ணுவேன். உண்மையான மூன்று வளையச் சங்கிலியையும் போட்டுப் பார்த்தேன். அறுபது தாண்டிய கண்ணுக்கு அது தண்டனை. பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் கொக்கிக்கே திரும்பிவிட்டேன்.

அக்காவின் மகன் போன மாதம் வந்து பார்த்தான். "மாமா, இது சுத்தி ஓடாதா?" என்றான். ஓடாது என்று சொல்லிச் சீட்டைக் கையில் கொடுத்தேன். நான்காவது வேகன் சிக்கிக்கொண்டது; அதை எடுக்க முதல் இரண்டையும் திரும்ப வெளியே இழுக்க வேண்டும். அவன் அம்மா கீழே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தாள். "பொறுங்கோ மாமா, இன்னும் ரெண்டு தள்ளுத்தான்," என்றான்.