மனிதத் தோற்றம் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த தவணையில் கிளிநொச்சி மாவட்டப் பாடசாலை ஒன்றில், புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை ஒருவரின் உயர்தர உயிரியல் வகுப்பில் பின்வாங்கில் அமர்ந்திருந்தேன். கூர்ப்பு, அதாவது பரிணாமப் பாடம். பண்டைய மனித இனமான நியண்டர்தாலின் மண்டையோட்டைக் கரும்பலகையில் அழகாக வரைந்தார். பிறகு வெண்கட்டியை வைத்துவிட்டு, "இதையெல்லாம் மாணிக்கவாசகர் அப்போதே பாடிவிட்டார்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே வாக்கியம்! அன்று மாலை அவரிடம் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். குரங்கு ஒருநாள் மனிதனாக மாறியது என்பது போன்ற பிழைகளைப் பாடநூலே திருத்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிவபுராணத்தைச் சாட்சிக்கு அழைப்பது

"புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்ற அடி நம் சைவப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதனால் ஆசிரியரின் வாயிலும் உடனே வந்துவிடுகிறது. சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அந்த நிமிடத்துக்கு ஆசைப்பட்டுத்தான் நானும் சொன்னேன்.

முன்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி பாட்டின் வரிசையைக் கொப்பியில் எழுதிப் பார்த்தாள். விலங்கு, பறவை, பாம்பு, கல், மனிதர். "ஊர்வனவற்றிலிருந்துதானே பறவை வந்தது, ரீச்சர்? கல் எப்படி நடுவில் வருகிறது?" என்று கேட்டாள். உட்பொருள் இருக்கிறது, கூர்ந்து படித்தால் விளங்கும் என்று மழுப்பினேன். யன்னலோரம் இருந்த கத்தோலிக்கப் பிள்ளைகள் இருவர், இந்தப் பாடம் தங்களுக்கானதல்ல என்பதுபோலக் கொப்பியை மூடினார்கள். தவணைப் பரீட்சையில் பாதி வகுப்பு கூர்ப்புக்குச் சான்றாகத் திருவாசகத்தை எழுதியிருந்தது. புள்ளி கொடுக்க முடியவில்லை. பிழை அவர்களுடையதும் இல்லை.

பிறகு அந்த மாணவியின் அப்பம்மா பாடசாலைக்கு வந்தார். பேர்த்திக்குச் சிவபுராணம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பாட்டு பிழை என்று பேர்த்தி வீட்டில் சொல்லிவிட்டாளாம். அவர் என்னைத் திட்டவில்லை. "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் என்று முடிகிறதே, அது அழுகிற இடம், பிள்ளை. அதைப் போய் ஏன் கணக்குப் பார்த்தீர்கள்?" என்றார்.

அவர் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. பாட்டில் பேசுவது ஓர் உயிர். பிறவிதோறும் உடல் மாறி மாறிக் களைத்து, விடுதலை கேட்கிறது. கூர்ப்பில் தனியொரு உயிரி மாறுவதே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் மாறுகிறது. களைப்பும் இல்லை, போய்ச் சேர வேண்டிய இடமும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் பக்தியும் கெடுகிறது, பாடமும் கெடுகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டையும் நான் கெடுத்தேன். இன்றும் யாராவது இந்த அடியை உயிரியல் வகுப்பில் எடுத்தால் எனக்குப் பொறுப்பதில்லை.

ஆறு நாட்களை ஆறு யுகங்களாக்குவது

அதே தவறு, வேறு வேதம். விவிலியத்தின் ஆதியாகமம் சொல்லும் ஆறு படைப்பு நாட்களையும் ஆறு யுகங்கள் என்று விளக்கினாலும் வரிசை ஒத்துவராது: பயிர்பச்சை மூன்றாம் நாள், சூரியன் நான்காம் நாள்.

"கிறிஸ்தவ சபை கூர்ப்பை மறுக்கிறது" என்று ஒரே வரியில் எழுதிக்கொடுப்பது

எந்தச் சபை? மடு மாதா கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பமும் ஜெபக்கூட்டத்துக்குப் போகும் குடும்பமும் ஆதியாகமத்தை ஒரே விதமாக வாசிப்பதில்லை. மனித உடலின் தோற்றத்தை ஆராயலாம், ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950 இல் எழுதினார். கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று 1996 இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சொன்னார். பிரான்ஸின் லா சப்பல்-ஓ-சாந்தில் 1908 இல் புகழ்பெற்ற நியண்டர்தால் எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்தவர்களே கத்தோலிக்கக் குருமார்தான். இதைச் சொன்ன ஆண்டில் யன்னலோரக் கொப்பிகள் திறந்தே இருந்தன.

கூனல் மனிதனை வரைவது

அந்த எலும்புக்கூட்டை வைத்துத்தான் முழங்கால் மடிந்து, தலை முன்னே தொங்கும் மிருகம்போல நியண்டர்தாலைப் பிரெஞ்சு ஆய்வாளர் மார்செலின் பூல் சித்திரித்தார். அது மூட்டுவாதம் பிடித்த முதியவரின் உடல் என்பதை 1957 இல் வேறு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். நியண்டர்தால்கள் நிமிர்ந்தே நடந்தார்கள். படத்தை மாற்றுங்கள்.

முழுதாக அழிந்தார்கள் என்பது

சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் நியண்டர்தால்கள் மறைந்தது உண்மை. ஆனால் மரபியலாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு 2010 இல் வெளியிட்ட டி.என்.ஏ. ஆய்வுக்குப் பிறகு அந்த வாக்கியம் அப்படியே நிற்காது. ஆபிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் டி.என்.ஏ.யில் சுமார் 2 சதவீதம் அவர்களுடையது. மாங்குளத்துப் பிள்ளையும் அதற்கு விலக்கல்ல.

வன்னியில் நியண்டர்தாலைத் தேடுவது

கிடைக்காது. இலங்கையில் அவர்களின் எலும்பு கிடைத்ததில்லை. இங்குள்ள கதை நம்மைப் போன்ற மனிதர்களுடையது. தென்மேற்கு இலங்கையின் பாஹியன்கல குகையில் அவர்களின் தடயம் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முந்தியது. கற்கருவிகள் கிடைக்கும் பரலும் செம்மண்ணும் கொண்ட படிவுகளுக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே இரணைமடுப் படிவு. நம் மாவட்டத்து இரணைமடுக் குளக்கட்டில் நின்று பாடத்தைத் தொடங்குங்கள்.

எலும்புப் படத்தை முன்னறிவிப்பில்லாமல் காட்டுவது

வேறு ஊரில் இது தவறாகாது. இங்கே, 2023 இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்கு வெட்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிவந்த மண்ணில், காணாமல் போனவரின் படத்தோடு தாய்மார் வீதியில் இருக்கும் மண்ணில், மண்டையோட்டைத் திடீரென்று திரையில் போடாதீர்கள். முதல் நாளே சொல்லிவையுங்கள். வர விரும்பாத பிள்ளையிடம் காரணம் கேட்காதீர்கள்.

ஒருமுறை லா சப்பல் படத்தைக் காட்டியபோது, "இவரைப் புதைத்தார்களா, ரீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். வெட்டிய குழிக்குள், கால்களை மடக்கி வைத்த நிலையில் கிடந்தார், வேண்டுமென்றே புதைத்தார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள் என்றேன். குழியின் நீளத்தைக் கேட்டான். ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் என்றேன். எழுதிக்கொண்டான். பாடத்திட்டத்தில் அடுத்து இருந்ததை அன்று நான் தொடங்கவில்லை.