தண்ணீர் பயமா? முதலில் மூச்சை வெளியே விடப் பழகுங்கள்

வளர்ந்த பிறகு நீச்சல் கற்க வரும் பலர் கை கால் அடிப்பதற்கு முன்பே பயந்துவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் மூச்சுதான். முகம் நீருக்குள் போனதும் மூச்சை இறுக்கிப் பிடிக்கிறோம். உடம்பில் கரியமில வாயு ஏற ஏற நெஞ்சு முட்டுகிறது. ஆக்சிஜன் இன்னும் மிச்சம் இருக்கும்போதே மனம் அலறத் தொடங்குகிறது.

அதனால் இடுப்பளவு நீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை உள்ளே வைத்து மூக்கு வழியாக மெதுவாகக் குமிழி விடுங்கள். தலையைத் தூக்கி வாயால் மூச்சு எடுங்கள். இது அலுப்புத் தட்டும் வரை மிதக்க முயல வேண்டாம். பயிற்சியாளர் அருகில் இருக்கட்டும். கிணறு, ஆறு எல்லாம் அப்புறம். பிடித்துத் தள்ளிவிட்டால் பயம் போய்விடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கரையேறியதும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த நொடியில் பயந்தேன்? மூக்கில் நீர் ஏறியபோதா, கால் தரையை விட்டபோதா, யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சத்திலா? கூச்சம் என்றால் கூட்டமில்லாத நேரத்துக்கு மாறுங்கள். கால் தரையை விட்டதுதான் என்றால், அடுத்த முறை மிதக்கும் நிலையிலிருந்து எழுந்து நிற்பதை மட்டும் பழகுங்கள். முழங்காலை வயிற்றுப் பக்கம் இழுத்து, கைகளால் நீரைக் கீழே அழுத்தினால் உடம்பு நிமிரும், பாதம் தரையைத் தொடும்.