கார்புரேட்டரைப் பிரித்து மாட்டியபின் மிக்சர் ரிச்சாக ஓடுகிறதா? புளோட்டில் தொடங்குங்கள்

புது கிட் போட்டு கார்புரேட்டரை மாட்டியாச்சு. ஆனால் கரும்புகை, பெட்ரோல் நெடி, ஐட்லிங்கில் தடுமாற்றம். மிக்சர் ரிச், அதாவது காற்றுக்கு வேண்டியதைவிடப் பெட்ரோல் அதிகம். சூடான இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. பிளக்கைக் கழற்றினால் நுனியில் உலர்ந்த கரி, தொட்டதும் விரலில் ஒட்டுகிறது. இந்த நேரத்தில் எல்லோருடைய கையும் மிக்சர் ஸ்குரூவுக்குத்தான் போகும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பிரிப்பதற்கு முன் ஒழுங்காக ஓடிய வண்டி என்றால், கோளாறு நாம் கைவைத்த இடத்தில்தான் இருக்கும். என் முதல் சந்தேகம் எப்போதும் புளோட் மட்டத்தின் மேல்தான், அதாவது கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம். அதில் மிதக்கும் புளோட் ஏறி, நீடில் வால்வை மூடி, பெட்ரோல் வரத்தை நிறுத்தும்.

மறுபடி பிரிப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் சூடானதும் சோக் தகடு (காற்று வழியை அடைக்கும் தகடு) முழுதாகத் திறந்து நேராக நிற்க வேண்டும். கேபிளை இழுத்துப் பிடித்து மாட்டியிருந்தால் கொஞ்சம் சாய்ந்தே நிற்கும், புகைக்கு அதுவே போதும். அப்புறம், ஐட்லிங்கில் ஓடும்போது சற்றுத் தள்ளி நின்று டார்ச் அடித்து கார்புரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். நடுவில் இருக்கும் மெயின் நாசில் காய்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து பெட்ரோல் சொட்டினால், கிண்ணத்தில் மட்டம் ஏறியிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். (பிஸ்டன் ஏறி இறங்கும் எஸ்யூ வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

இன்னும் உறுதி வேண்டுமா? ஐட்லிங்கில் ஓடவிட்டு, பெட்ரோல் வரத்தை நிறுத்துங்கள். எலக்ட்ரிக் பம்ப் என்றால் அதன் ஒயரைக் கழற்றினால் போதும். கிண்ணம் காலியாகிக்கொண்டே வரும்போது, அணைவதற்கு முன் இன்ஜின் கொஞ்ச நேரம் அழகாக ஓடினால் பெரும்பாலும் மட்டம்தான் பிரச்சினை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.

சரி, இப்போது மேல்மூடியைக் கழற்றலாம். இன்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம். நீடில் வால்வின் சீட்டை (நீடில் வந்து அடைக்கும் துளையுள்ள பாகம்) திருகி எடுத்து, அடியில் இருக்கும் வாஷரைப் பாருங்கள். மூடியில் திருகும் வகை சீட்டில், அந்தச் சின்ன வாஷர் விட்டுப்போனாலோ பழையதைவிட மெல்லியதாக இருந்தாலோ சீட் மேலே ஏறிவிடும். நீடில் தாமதமாக மூடும், மட்டம் உயரும். வாஷரே இல்லையென்றால் மரை வழியாகவும் பெட்ரோல் கசியும், நீடில் எவ்வளவு நன்றாக மூடினாலும் பயனில்லை. கழுவிய பிறகு தங்கிய ஒரு துளி தூசி சீட்டில் உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

பித்தளை புளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை. வெந்நீரில் முக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். புளோட் உயரத்தை அளக்கும்போது மூடியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். படுக்கவைத்தால் புளோட்டின் எடையில் நீடிலில் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கி, அளவு தப்பாக வரும். எத்தனை மில்லிமீட்டர் என்பதற்கு உங்கள் மாடலின் கையேட்டை மட்டும் நம்புங்கள்.

மட்டம் சரியாக இருந்தும் புகை நிற்கவில்லையா? பம்ப் புதிதாக மாற்றியிருந்தால் அதன் அழுத்தத்தைப் பாருங்கள், அதிகமானால் நீடிலைத் தள்ளிக்கொண்டு வரும். இரட்டை பேரல் (இரண்டு காற்றுவழி உள்ள வகை) என்றால், பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டுகள் இடம் மாறியிருக்கலாம், மேலே பொறித்த எண்ணை ஒப்பிடுங்கள். புது கேஸ்கெட்டை பாடியின் மேல் வைத்து ஒவ்வொரு துளையாகச் சரிபாருங்கள். காற்று போகும் ஒரு துளை மூடியிருந்தாலும் மிக்சர் ரிச்சாகிவிடும். இன்ஜினுக்கு அதிக சக்தி தேவைப்படும்போது கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்பதும் இந்த வரிசையில்தான்.

மிக்சர் ஸ்குரூவுக்கு இப்போதுதான் முறை. மெதுவாக உட்காரும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். பொதுவாக ஸ்குரூவை முழுக்க உள்ளே திருகினால் இன்ஜின் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் த்ராட்டில் தகடு (ஆக்சிலரேட்டரோடு திறக்கும் தகடு) அதிகம் திறந்திருக்கிறது. ஐட்லிங் வேகத்தை வைக்கும் ஸ்குரூவைக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கடைசியாக டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால், வண்டியை எடுப்பதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். கலந்துபோன ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.